ஜீப்புப் பெரட்டு

அந்தப் படம் இன்னும் இணையத்தில் இருக்கிறது. ஓடி முடிய மூன்று நிமிடம்கூட ஆகாது. சிவப்பு ஜீப் ஒன்று, முகப்பில் செவ்வந்தி மாலையும் சந்தனமும் குங்குமமுமாக, தேயிலை மலையில் கரணமடித்துக்கொண்டே இறங்கி, அடியில் இருக்கும் ஆற்றுப் பாறையில் போய் விழும். பார்த்தவர்கள் அதன் கீழே சிரித்துச் சிரித்து எழுதியிருக்கிறார்கள். ஜீப் விழுந்ததைவிட அதற்கு மாலை போட்டிருந்ததுதான் அவர்களுக்கு அதிகம் பிடித்திருக்கிறது. வெட்டப் போகிற கடாவுக்கு மாலை போடுகிற ஊர் போலிருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

அந்த மாலையைக் கட்டியவள் நான். எதற்காகக் கட்டினேன் என்பதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

அப்பா எங்கள் தோட்டத்து ஜீப் டிரைவர். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கினால், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை வரைக்கும் தார் ரோடு. அங்கிருந்து எங்கள் வரிசை வீடுகளான லயங்கள் இருக்கும் மேக்கணக்குக்கு, அதாவது மேல் டிவிஷனுக்கு, ஆறு மைல் கல் ரோடு. பன்னிரண்டு முடக்கு, அதாவது கொண்டை ஊசி வளைவு. பஸ் வராது, வேன் வராது, ஆட்டோக்காரன் காலில் விழுந்தாலும் வரமாட்டான். ஏறி வருவது இரண்டே இரண்டு. ஒன்று கொழுந்து ஏற்றும் டிராக்டர், மற்றது அப்பாவின் ஜீப். அது துரைமாருக்கென்று வாங்கிய வண்டிதான். துரைக்கு டபுள் கேப் வந்த பிறகு, தொண்ணூறுகள் தொடங்கி அது நோயாளி வண்டியாகவே ஓடியது. என்னைவிட இளையவர்களில் பாதிப்பேர் அதில் போய்த்தான் பிறந்தார்கள். இரண்டு பேர் அவசரப்பட்டு வண்டிக்குள்ளேயே பிறந்துவிட்டார்கள். அவர்களால் எட்டாவது முடக்குக்குப் பிள்ளை முடக்கு என்று பெயர் வந்தது.

அப்பாவுக்குக் கோபம் வருவது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, தேத்தண்ணியில் சீனி குறைவது. மற்றது, சக்கரம் சும்மா சுற்றுவது. ஏறாத இடத்தில் எவனாவது ஆக்சிலேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டால் அவர் வாயில் கெட்ட வார்த்தை வரும். "சக்கரம் ஒரே எடத்துல சுத்துனா அது ரோட்டத் திங்குதுன்னு அர்த்தம்" என்பார். மழை நாளில் ஒவ்வொரு முடக்குக்கும் முன்னால் வண்டியை நிறுத்தி இறங்குவார். எந்தக் கல் ஆடுகிறது, ரோட்டோரக் கானில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நடந்து பார்த்துவிட்டு வந்துதான் கியர் போடுவார். வண்டியில் மண் வெட்ட ஒரு மம்பட்டி எப்போதும் கிடக்கும். ஏற்றியிருப்பது யார் என்பதைப் பொறுத்து ஓட்டமும் மாறும். பிள்ளைத்தாய்ச்சி என்றால் முதல் கியரை விட்டு மாறமாட்டார். தவறணையில் குடித்து மண்டை உடைந்தவன் என்றால், கொஞ்சம் குலுங்கட்டும், புத்தி வரட்டும் என்பார்.

கரடுமுரடான ரோட்டில் வண்டி ஓட்டி விளையாடுகிற எல்லோரையும் நான் ஒரே தராசில் நிறுக்கவில்லை. வருசத்துக்கு ஒருமுறை கண்டியிலிருந்து சிலர் நாலைந்து ஜீப்பில் வருவார்கள். தலை நரைத்தவர்கள். எங்களுக்கு வாழ்க்கையாக இருந்த ரோடு அவர்களுக்கு விளையாட்டு மைதானம்தான். ஆனால் வந்ததும் முதலில் அப்பாவைத் தேடி லயத்துக்கு வருவார்கள். எந்த முடக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குவார்கள். ஒரு வண்டி மேலே ஏறி முடியும் வரைக்கும் அடுத்தது கீழே பொறுத்து நிற்கும். போகும்போது தங்கள் சக்கரம் பெயர்த்த கல்லைத் தாங்களே தூக்கி வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு வருசம் எங்கள் ஆட்களோடு சேர்ந்து அரைநாள் கல் சுமந்து கான் கட்டினார்கள். அப்பாவுக்கு அவர்களை அவ்வளவு பிடிக்கும்.

அந்த வருசம் வந்தவர்கள் வேறு ரகம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் படம் போடலாம் என்கிற காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. கொழும்பிலிருந்து மூன்று இளைஞர்கள் இரண்டு பெரிய வண்டிகளில் வந்து பங்களாவில் தங்கினார்கள். அதில் ஒருவன் கம்பெனி மேலிடத்துப் பிள்ளை என்று பேச்சு. மூன்று நாள் எங்கள் ரோட்டில் ஏறினார்கள், இறங்கினார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற அவர்களுக்குச் சந்தோசம். சேறு உயரமாகத் தெறித்தால்தான் படம் நன்றாக வருமாம். ஒன்பதாவது முடக்கில் கானின் கட்டு உடைந்து போனது. அப்பா மம்பட்டியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார்.

அடுத்த அடியும் உடனே விழுந்தது. தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அளந்து பேசுகிற மனிதர். அவர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஜீப்பை அந்தப் பெடியனுக்கு வித்தாச்சு. மேலிடத்து ஓடர், நான் ஒண்டும் செய்யேலாது. நீர் இனி ஸ்டோர் லொறிக்கு மாறவேணும்."

"அப்ப நோயாளிங்கள எதுல எறக்குறது ஐயா?"

"டிராக்டர் இருக்குத்தானே" என்றாராம் கிளாக்கர் ஐயா. சொன்னவர் தலையைத் தூக்கவே இல்லையாம்.

எங்கள் வீட்டில் அப்போது அக்கா நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவம். அத்தானுக்குக் கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிற மனிதர். ரோடு இருக்கிற லட்சணத்தில் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம், முன்னாலேயே போய் வார்டில் படுத்துக்கொள் என்று மருத்துவச்சி அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஜீப்பை ஒரேயடியாக ஒப்படைப்பதற்கு முன்னால் அப்பா கடைசியாக ஒருமுறை ஸ்டோருக்குப் போய் அந்தப் பையன்களின் பெட்டிகளை ஏற்றிவர வேண்டியிருந்தது. அந்தப் போக்கில் அக்காவையும் என்னையும் இறக்கிவிடுவதாகவும், அங்கிருந்து நான் அவளைப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகவும் ஏற்பாடு. அக்கா துணிப்பையைக் கட்டி வைத்துவிட்டாள். ஆனால் அவளுக்குப் போக மனமே இல்லை. "ஒரு வாரம் அந்த வார்டுல படுத்துக்கிட்டுக் கொசுவோட கதை பேசவா டீச்சரம்மா?" என்று என்னிடம் சிணுங்கினாள்.

என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவாள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியையாகச் சேர்ந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. கேலியாகத் தொடங்கிய பேர்தான். ஆனால் பக்கத்துக் காம்பராக்காரர்களிடம் அதையே பெருமையாகச் சொல்வாள்.

ஜீப் விற்கப்பட்டுவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு நடந்தவைதான் குழப்பின. அந்தப் பையன்கள் ஜீப்பை ஸ்டோருக்குக் கொண்டுபோய்ப் பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். கொழும்பிலிருந்து நான்கு புது டயர் வரவழைத்துப் பூட்டினார்கள். முன் கண்ணாடியை மாற்றினார்கள். பிறகு அப்பாவையே ஓட்டச் சொல்லி மேக்கணக்குக்குக் கொண்டுவந்து பெரட்டுக்களத்தில் நிறுத்தினார்கள். பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற இடம். கொடுக்கல் வாங்கல் எல்லாமே அங்கேதான். கம்பெனி கூரைத் தகரம் கொடுத்தால் பெரட்டில் கொடுக்கும், தண்ணீர்த் தாங்கி கொடுத்தால் பெரட்டில் கொடுக்கும். எதைக் கொடுத்தாலும் கேமரா முன்னால் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்று பழகியவர்கள்.

புதுப் பெயின்ட், புது டயர், கேமரா, பெரட்டுக்களம். இவ்வளவையும் பார்த்துவிட்டு லயத்துப் பெண்கள் மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். மேலிடத்துப் பிள்ளை வண்டியைத் திருத்தி மேக்கணக்குக்கே நோயாளி வண்டியாகத் தரப்போகிறான் என்று. அப்பா நம்பவில்லை. "கெடைக்காத பழம் இனிக்கும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் மனதுக்குள் நம்பத்தான் ஆசைப்பட்டார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அப்போதுதான் அந்த மேலிடத்துப் பையன் வந்தான். கூட வந்தவன் தோளில் கேமராவோடு நின்றான். நான் பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தேன். அவன் அப்பாவின் முதுகில் தட்டிச் சிங்களத்தில் சொன்னான். "அங்கிள், ஹெட்ட உதே ஜீப் எக்க பெரளனவா. ஹரித?"

நாளைக்குக் காலையில் ஜீப்பை, என்பதுவரை அப்பாவுக்கு விளங்கிவிட்டது. கடைசிச் சொல்லில் தட்டுப்பட்டார். அப்பாவுடையது கடைத்தெருச் சிங்களம். அவர் என் பக்கம் திரும்பினார்.

"பெரளனவான்னா, நம்ம பொரள்றதுன்னு சொல்றோமே, அதுதானே பாப்பா?"

இதை எழுதும்போது கை நிற்கிறது. அப்பா சரியாகத்தான் சொன்னார். பள்ளிக்கூடம் போகாத மனிதர், சொல்லின் ஓசையைப் பிடித்துக்கொண்டு சரியான இடத்துக்கு வந்துவிட்டார். நான் படித்தவள். சிங்களத்தை ஒரு பாடமாக எடுத்துச் சோதனையில் நல்ல பெறுபேறு வாங்கியவள். கண்டாக்கு ஐயா, அதாவது எங்கள் மேற்பார்வைக்காரர், சிங்களவர். பெரட்டை அவர் பெரட்டுவ என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிங்களத்தில் ஒரு சொல்லோடு னவா சேர்த்தால் அது செயலாகிவிடும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். இரண்டையும் ஒட்டிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. அரைகுறைப் படிப்புக்கு எல்லாமே கச்சிதமாகத்தான் பொருந்தும்.

"அது வேறப்பா. இது பெரட்டு. நாளைக்குப் பெரட்டுல வச்சு ஜீப்பக் குடுக்கிறாங்க" என்றேன்.

"நெசமாவா?"

"நான் படிச்சிருக்கேன்ல. பெரட்டுதான்."

குடுக்கிறாங்க என்று அவன் எங்கே சொன்னான்? அது நானாகச் சேர்த்தது. அப்பா இரண்டு கையையும் கூப்பி அந்தப் பையனைக் கும்பிட்டார். "ரொம்ப சந்தோசம் மாத்தயா. பொஹோம ஸ்துதி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவனும் சிரித்துக்கொண்டு கும்பிட்டான். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

அப்பா லயத்துக்கு வேகமாக நடந்துவந்து அக்காவிடம் சொன்ன முதல் வார்த்தை, "பையப் பிரிச்சு வச்சுரும்மா. அவசரமில்ல. ரெண்டு நாள் பொறுத்து நம்ம வண்டியிலேயே போவோம்." அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டி வைத்த பையைப் பிரித்து, துணியை மறுபடியும் கொடியில் போட்டாள். அம்மா மட்டும் முனகினாள். மருத்துவச்சி சொன்னது சொன்னதுதானே, பெட்டி ஏற்றப் போகிறபோதே இறக்கிவிட்டால் என்ன என்றாள். "டீச்சரம்மாவே சொல்லிருச்சு, நீங்க என்ன" என்று அக்கா அவள் வாயை அடைத்தாள். அன்று பின்னேரம் அப்பா தனியாக ஜீப்பை ஸ்டோருக்கு இறக்கிப் பெட்டிகளை ஏற்றிவந்தார். இறங்கும்போது பின்சீட்டு முழுக்க இடம் இருந்தது என்று பிறகு ஒருநாள் அவரே சொன்னார்.

நான் லயத்து வாசல்களில் இருந்த செவ்வந்தியெல்லாம் பறித்து மாலை கட்டினேன்.

காலையில் மேக்கணக்கே பெரட்டுக்களத்தில் நின்றது. அப்பா ஜீப்பின் முகப்பில் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, மாலையைப் போட்டார். நான்கு புது டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் கொளுத்திக் காட்டினார். அந்தப் பையன்களுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். தங்கள் விளையாட்டுக்கு ஊரே பூசை போட்டு வழியனுப்புகிறது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். அவன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் அப்பா கதவருகே போய், இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, வலது கையை நீட்டினார். சாவியை வாங்குவதற்காக நீட்டிய கை. அவன் அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வண்டியை எடுத்தான்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வந்து குடுப்பாங்க" என்றார் அப்பா, கையைத் தொங்கவிட்டபடி.

ஜீப் ஒன்பதாம் நம்பர் தேயிலை மலை உச்சிக்குப் போய் நின்றது. நாங்களும் பின்னாலேயே நடந்தோம். அவன் இறங்கினான். குனிந்து ஆக்சிலேட்டரில் ஒரு கல்லை வைத்துக் கட்டினான். மூன்று பக்கமும் கேமரா வைத்திருந்தார்கள். கல்லைப் பார்த்ததும் அப்பா ஓட ஆரம்பித்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. அவர் போய்ச் சேர்வதற்குள் வண்டி விளிம்பைத் தாண்டிவிட்டது.

முதலில் நேராகத்தான் இறங்கியது. யாரோ உள்ளே இருந்து ஓட்டுவது போலவே இருந்தது. பிறகு கவ்வாத்து வெட்டிய ஒரு செடி வரிசையில் தடுக்கிப் புரண்டது. புரண்டது. பெரளனவா. எனக்கு அந்தச் சொல் அங்கேதான் விளங்கியது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு தெளிவாக யாரும் பொருள் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. வண்டி ஆறேழு தடவை உருண்டு ஆற்றில் விழுந்தது. மேலே மூன்று பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். சத்தம் போட்டுச் சிரித்தார்கள்.  எங்கள் பக்கம் பழக்க தோசத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் கை தட்டினார்கள். பெரட்டில் எதையாவது கொடுத்தால் கை தட்ட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

கிளாக்கர் ஐயா மூச்சு வாங்க ஏறிவந்தார். அப்பா கத்தினார். வாழ்நாளில் முதல்முறையாக ஆபீஸ் ஆட்கள் முன்னால் கத்தினார். "குடுக்கிறேன்னு சொல்லிட்டு ஒடச்சுப்புட்டாங்க ஐயா. பொய் சொல்லிட்டாங்க." கிளாக்கர் ஐயா அவர்களோடு ஆங்கிலத்தில் பேசிவிட்டு வந்தார். "உருட்டப் போறம் எண்டு நேற்றே டிரைவரிட்டைச் சொன்னவையாம். நீர் கும்பிட்டனீராம். படத்தில இருக்காம்."

"பெரட்டுன்னு சொன்னாங்க ஐயா. எம்புள்ள கேட்டுச்சு. வாத்தியாரு வேல பாக்குற புள்ள. கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். முதல் தடவை செய்தது தவறு, தெரியாமல் செய்தது. இரண்டாவது தெரிந்து செய்தது.

"ஆமாங்க ஐயா. பெரட்டுன்னுதான் சொன்னாங்க" என்றேன்.

அவர்கள் அன்று மத்தியானமே புறப்பட்டுப் போனார்கள். ஒன்பதாம் நம்பர் மலையில் ஜீப் உருண்ட தடம் ஒரு ரோட்டைப் போலக் கிடந்தது. தேயிலைச் செடிகள் வேரோடு பெயர்ந்திருந்தன. புதுக் கண்ணாடி உடைந்து செடிக்குள் சிதறியதில், கொழுந்து எடுக்கிற பெண்களின் விரல் மாதக்கணக்காக வெட்டுப்பட்டது. நாங்கள் குடிக்கப் பிடிக்கிற பீலித் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. அது எதுவும் படத்தில் இல்லை.

பின்னேரம் மழை பிடித்தது. விடிந்தும் விடவில்லை. மறுநாள் மத்தியானம் அக்காவுக்கு வலி வந்தது.

கிளாக்கர் ஐயா தானே ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். ஸ்டோர் வரைக்கும்தான் வரும் என்றார்கள். அதைக் குற்றம் சொல்ல முடியாது, அதற்கு மேல் அதனால் ஏறவும் முடியாது. டிராக்டர் பெட்டியில் வைக்கோலும் படங்குச் சாக்கும் விரித்து அக்காவைப் படுக்க வைத்தோம். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் தகரம் ஒன்றை அவளுக்கு மேலே பிடித்துக்கொண்டேன். டிராக்டரை அப்பாவே ஓட்டினார். பன்னிரண்டு, பதினொன்று, பத்து என்று முடக்குகள் இறங்கின. ஒவ்வொரு கல்லுக்கும் அக்கா அலறினாள். அப்பா ஒவ்வொரு அலறலுக்கும் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

ஒன்பதாவது முடக்கில் ரோடு இல்லை. கானின் கட்டு உடைந்த இடத்தில் தண்ணீர் குறுக்கே பாய்ந்து, அந்தப் பையன்களின் சக்கரம் தோண்டி வைத்த பள்ளங்களை எல்லாம் அறுத்துக்கொண்டு போயிருந்தது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. அப்பா ஒருமுறை ஆக்சிலேட்டரை மிதித்தார். சக்கரம் அதே இடத்தில் சுற்றியது. உடனே காலை எடுத்துவிட்டார். இறங்கி மம்பட்டியைத் தேடினார். மம்பட்டி ஜீப்பில் இருந்தது. ஜீப் ஆற்றில் கிடந்தது.

லயத்து ஆண்கள் ஓடிவந்து, கம்பளியில் தூளி கட்டி, கம்பில் கோத்து அக்காவைத் தூக்கினார்கள். மழையில் கால் வழுக்க வழுக்க நடந்தார்கள். பிள்ளை முடக்கைத் தாண்டினோம். ஐந்தாவது முடக்கில் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. தலைமுடி அடர்த்தியாக இருந்தது. அது அழவில்லை. அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயில் ஊதினாள், முந்தானைக்குள் வைத்துத் தேய்த்தாள். கடைசிவரை அழவில்லை. ஆஸ்பத்திரியில் அக்காவைக் காப்பாற்றிவிட்டார்கள்.

அதன் பிறகு அப்பாவுக்கு ஒரே கதைதான். கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொன்னார். "சொல்லு மாறினவனுங்க. குடுக்கிறேன்னு எம் மூஞ்சப் பாத்துச் சொன்னாங்க." அந்தக் கோபம்தான் அவரை எழுப்பி உட்கார வைத்தது, ஸ்டோர் லொறியை ஓட்ட வைத்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். சில நாள் தலையைக்கூட ஆட்டினேன்.

அந்தப் பையன்களை நான் விடுவிக்கவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆறு மைலுக்கு ஒரே வண்டி இருக்கிற இடத்தில், ஓடுகிற அந்த ஒரு வண்டியை வாங்கிப் பெயின்ட் அடித்து, உடைப்பதற்காகவே புது டயர் போட்டு, சிரிப்பதற்காகத் தள்ளிவிட்டார்கள். நொண்டி வண்டி விழுந்தால் யாருக்கும் சிரிப்பு வராது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல வண்டி வீணாவதில்தான் வேடிக்கை. இதை எத்தனை தடவை எனக்குள் சொல்லிக்கொண்டாலும், பிரித்துப் போட்ட அந்தத் துணிப்பையிடம்தான் மனம் திரும்பி வருகிறது. அக்கா கிளம்பத் தயாராக இருந்தாள். நிறுத்தியவள் நான்.

இரண்டு வருசம் கழித்து, எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்து, காகித வேலையாக ஹட்டனுக்குப் போனபோது அக்காவும் வந்தாள். அதற்குள் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அந்த முறை ஒரு மாதம் முன்னாலேயே ஸ்டேஷன் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கிவிட்டாள். ஹட்டனில் போன் பேசுகிற ஒரு கம்யூனிகேஷன் கடையில் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அந்தப் படம் இணையத்தில் இருப்பதாக அத்தான் கொழும்பில் கேள்விப்பட்டு வந்து சொல்லியிருந்தார். அக்கா பார்க்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "எம் புள்ளைக்குன்னு பூட்டின டயரு. ஒருதடவ பாக்குறேன்" என்றாள்.

படம் ஜீப்போடு தொடங்கும் என்று நினைத்திருந்தேன். அப்பாவோடு தொடங்கியது. அப்பா ஜீப்பைத் துடைக்கிறார். அந்தப் பையன் முதுகில் தட்டுகிறான். ஹெட்ட உதே ஜீப் எக்க பெரளனவா. தெளிவாகக் கேட்டது. அக்காவுக்கு நல்ல சிங்களம் தெரியாதுதான். ஆனால் அடுத்து வந்தது சிங்களம் இல்லை.

"பெரளனவான்னா, நம்ம பொரள்றதுன்னு சொல்றோமே, அதுதானே பாப்பா?"

"அது வேறப்பா. இது பெரட்டு. நாளைக்குப் பெரட்டுல வச்சு ஜீப்பக் குடுக்கிறாங்க."

"நெசமாவா?"

"நான் படிச்சிருக்கேன்ல. பெரட்டுதான்."

அந்தக் குரலில் எவ்வளவு நிச்சயம். எனக்கே என்னை அறையவேண்டும் போலிருந்தது. அப்பா கும்பிடுகிறார். கீழே, டிரைவர் அனுமதி கொடுத்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் எழுத்து வருகிறது. பிறகு மாலை, சூடம், எலுமிச்சம்பழம், மலை.

அக்கா படம் முடியும்வரை அசையவில்லை. மடியில் இருந்த குழந்தை திரையைப் பிடிக்கக் கை நீட்டியது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "போவோம், பஸ்ஸ விட்டுருவோம்" என்றாள். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். ஸ்டோரிலிருந்து நடந்து ஏறினோம். ஐந்தாவது முடக்கில் நான் வாயைத் திறந்தேன். "பாத்து வா, கல்லு ஆடுது" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் போய்விட்டாள்.

அப்பா வாசலிலேயே காத்திருந்தார். படம் பார்க்கப் போகிறோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பாத்தீங்களா? அவன் சொன்னது அதுல இருக்கா? பெரட்டுல குடுக்கிறேன்னு சொன்னானே, அது வருதா?"

 சொல்லிவிடு என்று அக்காவைப் பார்த்தேன். உண்மையில் அவள் சொல்லட்டும் என்றுதான் விரும்பினேன். என்னால் முடியாததை அவளாவது முடித்து வைப்பாள் என்று.

"வருதுப்பா" என்றாள் அக்கா. "நீங்க சொன்ன மாதிரியேதான். அவன்தான் சொன்னான்."

அப்பா நீளமாக மூச்சு விட்டார். "நான் சொல்லல?" என்று அம்மாவிடம் திரும்பினார். அக்கா குழந்தையை இறக்கி வைத்துவிட்டு, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். எனக்கும் ஒரு கோப்பை வந்தது. அதை என் முன்னால் வைக்கும்போது என் பேரைச் சொல்லி, எடுத்துக்கோ என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னை டீச்சரம்மா என்று கூப்பிட்டதே இல்லை.